எஃகுக்குள் உறையும் செனான்

“காந்தம் ஒட்டினால் அந்த எவர்சில்வர் போலியா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். காந்தத்தை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்ல இயலாது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 வகை எஃகு, அணுக்கள் முகப்பு மைய கனச்சதுரமாக (மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு இருக்குமாறு) அடுக்கப்பட்ட ஆஸ்டெனைட் நிலையில் இருக்கும்வரை காந்தத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் அதே தகட்டை மடக்கி விளிம்பு கட்டும்போது, வளைந்த இடத்தில் ஒரு பகுதி, பொருள் மைய கனச்சதுர (மூலைகளிலும் கனச்சதுரத்தின் நடுவிலும் அணு உள்ள) அமைப்புடைய மார்டென்சைட்டாக மாறிக் காந்தத்தை இழுக்கத் தொடங்கும்.

இம்மாற்றத்தை வளைக்காமலும் தட்டாமலும் நிகழ்த்த முடியும் என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 1980-களில் விரிவாக ஆராய்ந்தார்கள். அயனி உட்செலுத்தல் என்னும் இம்முறையில், உயர் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட செனான் அயனிகள் எஃகின்மேல் பாய்ந்து, சில பத்து நானோமீட்டர் ஆழத்திற்குள் நின்றுவிடுகின்றன. செனான் மந்த வாயு, இரும்பில் கரையாது. ஆகவே நுழைந்த அணுக்கள், மோதலால் படிகத்தில் உண்டான காலியிடங்களில் ஒன்றுகூடி, சில நானோமீட்டர் அளவுள்ள குமிழ்களாகின்றன. சுற்றியுள்ள உலோகம் எளிதில் விலகி இடம் தராததால், உள்ளே அழுத்தம் பல்லாயிரம் வளிமண்டலங்களுக்கு ஏறுகிறது. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 112 டிகிரி செல்சியஸில் உறையும் செனான், அங்கே அறை வெப்பநிலையிலேயே திண்மமாகிவிடுகிறது!

இந்த நெருக்கடியைத் தாங்காத ஆஸ்டெனைட், அணுத்தளங்கள் சரிய, மார்டென்சைட்டாக மாறித் தன் தகைவை, அதாவது உள்ளே தேங்கிய இறுக்கத்தை, தணித்துக்கொள்கிறது. எந்த அணுவும் தன் அண்டை அணுக்களைப் பிரிந்து தொலைவு செல்வதில்லை. அணிவகுப்பில் நிற்போர் வரிசை கலையாமல் அரையடி நகர்வதைப்போல எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன. அதனால்தான், உலோக அணுக்கள் விரவி இடம்பெயர இயலாத அறை வெப்பநிலையிலும் இது நடக்கிறது.

அணு உலை எஃகிலும் நியூட்ரான் வினைகளால் ஹீலியம் பிறந்து குமிழ் கட்டும். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அயனி முடுக்கிகளால் இத்தகைய சேதத்தை ஆராய்கிறது. நானோமீட்டர் கணக்கிலான ஆழத்திற்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள், உலையில் ஆண்டுக்கணக்கில் சேரும் சேதத்தை முடுக்கி மிக விரைவில் உண்டாக்கிக் காட்டிவிடும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை என்பது என் கருத்து.

நைட்ரஜன் அயனியின் வழி வேறு. சுமார் 400 டிகிரியில் செலுத்தினால் அது குமிழாகாமல் படிக இடைவெளிகளில் கரைந்து, ஆஸ்டெனைட்டை ஆஸ்டெனைட்டாகவே வீங்க வைக்கிறது. மேற்பரப்பின் கடினத்தன்மை பல மடங்கு உயர்கிறது. துரு எதிர்ப்பும் கெடுவதில்லை. வெப்பநிலை 450 டிகிரியைக் கடந்து நீடித்தால் மட்டும், குரோமியம் நைட்ரைடு தனியே பிரிந்து, காப்புப் படலம் கட்டப் போதிய குரோமியம் இல்லாத எஃகில் துரு ஏறத் தொடங்கும்.