ஆக்சிலிடம் பொய் சொல்ல முடியாது

6 சதவீத ஏற்றம் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரம், அவ்வளவுதான். ஆனால் 1980-களில் வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே60 வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த ஏற்றத்தைத் தொட்டால், பாதி வழியில் கை தானாகக் கியர் கம்பியைத் தேடும். மூன்றாவது கியருக்கு இறங்காமல் வண்டி மேலே போகாது. ஓட்டுபவர்மீது குற்றமில்லை, கணக்கே அப்படி. இந்தக் கணக்கை மாற்றத்தான் சிலர் பழைய வண்டிக்குள் வேறோர் எஞ்சினை இறக்குகிறார்கள்.

வண்டியின் எடை சுமையோடு 2,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றம் வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை ஏறத்தாழ 1,300 நியூட்டன். பெட்டி போன்ற அதன் முகத்தில் மோதும் காற்றும், டயர் உருள்வதில் வரும் தடையும் சேர்ந்து இன்னொரு 1,000. விசையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன்: சக்கரத்தில் சுமார் 64 கிலோவாட் வேண்டும். வழியில் கியர்களும், சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் ஆக்சிலும் உராய்வாகத் தின்பதையும் கூட்டினால், எஞ்சின் 75 முதல் 80 கிலோவாட் வரை தந்தாக வேண்டும்.

அந்த வண்டியில் இருப்பது 2எஃப் எனப்படும் 4.2 லிட்டர் எஞ்சின். வரிசையாக ஆறு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தர ஒரு கார்புரேட்டர். அதன் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 285 நியூட்டன் மீட்டர். ஆக்சில் விகிதம் 3.70 (ஷாஃப்ட் 3.70 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), டயரின் விட்டம் 31 அங்குலம் என்றால், 100 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் அது நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும். அந்தச் சுற்றில் உச்ச முறுக்குவிசையையே முழுதாகத் தந்தாலும் 75 கிலோவாட்டைத் தாண்டாது. விளிம்பில் நிற்கிறது; கொஞ்சம் எதிர்க்காற்று அடித்தால் கதை முடிந்தது. அதன் 135 குதிரைத்திறன் என்பதெல்லாம் 3,600 சுற்றுக்குப் போனால்தான் கிடைக்கும்.

இத்தனைக்கும் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் இரும்புக் கோட்டை போல இருக்கும். அதனால்தான் வண்டியை விற்க மனம் வராதவர்கள் எஞ்சினை மாற்றுகிறார்கள். அதிகம் பேர் கை வைப்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1999 முதல் தன் பிக்கப் வண்டிகளில் பொருத்திய 5.3 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர்கள் வி வடிவில் இரண்டு வரிசையாக இருப்பதால் நீளம் குறைவு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் தலைக்கு மேல் இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் அகலமும் உயரமும் அடக்கம். திறன் சுமார் 285 குதிரை, முறுக்குவிசை சுமார் 440 நியூட்டன் மீட்டர். கூடவே 4எல்60-ஈ என்ற நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வரும். அதன் நான்காவது கியர் 0.70 விகிதம் என்பதால், அதே 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 1,750 சுற்றில் அமைதியாக ஓடும்.

எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு உள்ளே இறக்குவது இந்த வேலையில் ஆகச் சுலபமான பகுதி. கடினம் வேறோர் இடத்தில் இருக்கிறது. புது எஞ்சின் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட வண்டி இருக்கிறது என்று நம்பிப் பிறந்தது. அந்த வண்டி இப்போது இல்லை. எஞ்சினின் கம்ப்யூட்டரிடம் அது இருப்பதாகப் பொய் சொல்லிவிடலாம். ஆக்சிலிடமும் ரேடியேட்டரிடமும் முடியாது.

முதலில் இரும்பு வேலை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றதும் சுற்றுமே, அதுதான் தத்துவம்; காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது இலைச் சக்கரம் திரும்பி வரும் எண்ணெயை மறுபடி சரியான திசைக்குத் திருப்பிவிடுவதால், வண்டி நகரத் தொடங்கும் தறுவாயில் முறுக்குவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

இந்தக் கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸுக்குள் செருகுவதை நின்று பார்க்க வேண்டும். உள்ளே மூன்று பொருத்தங்கள்: உள்ளீட்டு ஷாஃப்ட்டின் பற்கள், ஸ்டேட்டரைத் தாங்கும் குழாயின் பற்கள், எண்ணெய் பம்பைச் சுற்றும் காடி. கையால் தாங்கி, மெல்லச் சுற்றி, அழுத்த வேண்டும். ‘டொக்’ என்று ஒரு முறை இறங்கும். இன்னும் சுற்றினால் இரண்டாவது. இங்கேதான் பலர் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றாவது ‘டொக்’ வரும்வரை விடக்கூடாது. சரியாக இறங்கியிருந்தால், கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் எஞ்சின் பிளாக்கோடு சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்றும்; அதற்கும், முன்னே எஞ்சினோடு சுற்றும் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற தகட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைப் பார்க்காமல் போல்ட்டை முறுக்கி இழுத்து ஹவுசிங்கைச் சேர்த்த ஒரு வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஓடியது, கியர் விழவில்லை. திரும்ப இறக்கிப் பார்த்தபோது பம்பின் உள்சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மூன்றாவது ‘டொக்’கைக் கேட்காததற்கான விலை.

கியர்பாக்ஸுக்குப் பின்னால் நான்கு சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ். இதில் பழையதையே வைத்துக்கொள்பவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது என் கட்சி. காரணம் முன் ஆக்சில். இரு சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பிரிக்கும் அதன் டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். முன்னோக்கிச் செல்லும் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அதே பக்கத்தில் வெளியே வரவேண்டும். லேண்ட் குரூசரில் அது வலப்பக்கம். இடப்பக்கம் ஷாஃப்ட் தரும் வேறொரு கேஸை வாங்கிவிட்டால் ஆக்சிலையும் மாற்றவேண்டி வரும். புது கியர்பாக்ஸையும் பழைய கேஸையும் சேர்க்க, நடுவில் ஓர் அடாப்டர் கூடும் இரு முனையிலும் வெவ்வேறு பற்கள் கொண்ட ஒரு குட்டி ஷாஃப்ட்டும் போதும்.

இனி, எல்லோரும் ஆசையோடு கேட்கும் கேள்வி: மலைப்பாதையில், பாறைமேல் ஏறும்போது இழுவை எவ்வளவு கூடும்? பழைய எஞ்சினின் 285-ஐ முதல் கியர் விகிதம் 3.55, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்விகிதம் 1.96, ஆக்சில் 3.70 ஆகியவற்றால் பெருக்குங்கள். சக்கரங்களில் மொத்தம் 7,300 நியூட்டன் மீட்டருக்கு மேல். புதியதில் 440, 3.06, 1.96, 3.70: ஏறத்தாழ 9,800. கன்வெர்ட்டர் இரட்டிப்பாக்கும் நொடியில் 19,000-ஐத் தாண்டும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 2,200 கிலோ வண்டியின் நான்கு டயர்களும் நல்ல உலர்ந்த தரையில் பிடித்து நிற்கக்கூடிய உச்சமே 7,000-க்குள்தான். அதற்குமேல் தந்தால் சக்கரம் வெறுமே சுற்றும். பழைய எஞ்சினே தாழ்விகிதத்தில் டயரின் பிடிமானத்தைத் தோற்கடித்துவிட்டது! புது எஞ்சின் பாறைமேல் தருவது ஒன்றுமில்லை என்றே சொல்வேன். அதன் பலன் முழுவதும் நெடுஞ்சாலை ஏற்றத்தில்தான்.

பாறைமேல் அது தருவது ஓர் ஆபத்தை. டயர் வழுக்கும்வரை ஆக்சிலுக்குக் கவலையில்லை. வழுக்குவதே அதன் பாதுகாப்பு. ஒரு முன்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவில் சிக்கி வழுக்க முடியாமல் நிற்கும்போது கால் பெடலில் அழுத்தினால், டிஃபரன்ஷியல் பூட்டப்பட்டிருந்தால் முறுக்குவிசையில் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்து ஷாஃப்ட்டைத் தேடி வருகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்திருந்தால் இன்னும் மோசம். முன்சக்கரத்தின் உள்ளே இருக்கும், பந்துகள் உருளும் இணைப்பு அந்தக் கோணத்தில்தான் பலவீனமாக இருக்கும். வீட்டில் மின்கம்பியைத் தடிமனாக்காமல் ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? அதேதான்.

நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே சும்மா இருப்பதில்லை. ஷாஃப்ட்டை ஒரு பக்கம் முறுக்கினால், எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் சேர்ந்த அந்த ஒற்றைக் கட்டி எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். தாங்குவது எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள்தான். அவை தாங்கவேண்டியது எஞ்சினின் 440-ஐ மட்டும் என்று நினைத்துச் சின்ன இரும்புத் துண்டைச் சேஸிஸில் பற்றவைத்தால் அது பிய்ந்துவரும். தாழ்விகிதத்தில் ஷாஃப்ட்டுக்குப் போகும் 2,600 சொச்சம் முழுவதற்கும் அவையே ஈடு கொடுக்க வேண்டும்.

மவுண்டிங் எங்கே அமைகிறது என்பது, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பையும் சார்ந்தது. முன் ஆக்சில் ஒரே தண்டாக இருப்பதால், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது டிஃபரன்ஷியல் உருண்டை மேலே வந்து சம்ப்பை முட்டும். எஞ்சினைப் பின்னால் தள்ளினால் கேபின் சுவர். மேலே தூக்கினால் பானெட். இங்கே ஒரு விரற்கடை, அங்கே ஒரு விரற்கடை என்று பேரம் பேசித்தான் இடம் கிடைக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் சிறிது பின்னால் நகர்ந்தாலும் பின்ஷாஃப்ட் குட்டையாகிறது. அதன் சரிவு கூடுகிறது. ஷாஃப்ட்டின் முனையில் அதை வளைந்து சுற்றவிடும் இணைப்பு கிராஸ் ஜாயின்ட். சரிவில் சுற்றும்போது அதற்கு ஒரு குணம் உண்டு: உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே சீராகச் சுற்றாது. கோணம் 10 பாகை என்றால், வெளிவேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 1.5 சதவீதம் ஏறி, 1.5 சதவீதம் இறங்கும். ஷாஃப்ட்டின் மறுமுனையில் அதே கோணத்தில் இன்னொரு ஜாயின்ட் இருந்தால் அது இந்தத் தள்ளாட்டத்தைத் திருப்பிச் சமன்செய்துவிடும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் முனையும் ஆக்சிலின் முனையும் இணையாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வேலை முடிந்த வண்டி 80 கி.மீ. வேகத்தில் அதிர்ந்தால் டயரைச் சந்தேகிக்கும் முன் இந்தக் கோணத்தை அளந்து பாருங்கள்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஷாஃப்ட்டுக்கும், மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய்க்கும், மீதி ரேடியேட்டர் நீருக்கும் போகிறது என்பது தோராயக் கணக்கு. சமதரையில் நிதானமாக ஓடினால் பழைய ரேடியேட்டரே சமாளிக்கும், ஏனென்றால் கேட்கும் திறன் முன்போலத்தான். 285 குதிரையையும் ஏற்றத்தில் அவிழ்த்துவிட்டால் சமாளிக்காது. கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழுக்குவதும் வெப்பமே. கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான் வையுங்கள்.

இப்போது பொய் சொல்லும் பகுதி. பழைய எஞ்சினுக்குப் பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் போதும். புதியதற்கு நான்காவதாகச் செய்தி வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள சென்சார் ஒவ்வொரு பல் கடப்பதையும் எண்ணுகிறது. இந்த எஞ்சின் குடும்பத்தில் முதலில் வந்தவற்றில் 24 துடிப்பு. பின்னால் வந்தவற்றில் 60 பற்களுக்கு இடம் விட்டு இரண்டை வெட்டிய 58. அந்த வெற்றிடம் கடக்கும் நொடியை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அறிகிறது. 58 பல் எஞ்சினுக்கு 24-ஐ எதிர்பார்க்கும் கம்ப்யூட்டரை மாட்டினால் ஸ்டார்ட்டர் தேயும்வரை சுற்றலாம், எஞ்சின் பிடிக்காது.

திருட்டைத் தடுக்கச் சாவியிலிருந்து வரவேண்டிய ரகசிய எண்ணை மென்பொருளில் அணைத்துவிடுவார்கள். இல்லாத சென்சார்களைக் கேட்காதே என்று சொல்லிவைப்பார்கள். 4எல்60-ஈ கியர்பாக்ஸை ஆள்வதும் இதே கம்ப்யூட்டர்தான். எப்போது கியர் மாற்றுவது என்பதை, கால் எவ்வளவு அழுத்துகிறது, பின்முனை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டையும் வைத்து முடிவெடுக்கிறது. வேக சென்சாரை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் வைத்தால், தாழ்விகிதம் போட்டதும் எண்ணிக்கை பாதியாகிவிடும். கியர் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் பதறும். தாழ்விகிதம் விழுந்ததைச் சொல்ல ஒரு சுவிட்சும் ஒரு கம்பியும் வேண்டும்.

பொய் சொல்லக்கூடாத இடமும் உண்டு. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த பிறகு எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று மோப்பம் பிடிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கில் சரியான கலவை. அந்த எல்லையில் அது காட்டும் மின்னழுத்தம் சுமார் 0.45 வோல்ட். புதிதாக வளைத்துப் பற்றவைத்த குழாயில் சென்சாருக்கு முன்னால் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், புகைத் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆக்சிஜன் அதிகம் என்கிறது சென்சார். பெட்ரோல் போதவில்லை என்று புரிந்துகொண்டு கம்ப்யூட்டர் மேலும் ஊற்றுகிறது. பிளக் கறுக்கிறது, மைலேஜ் போகிறது. கார்புரேட்டர் காலத்தில் அதே ஓட்டை வெறும் சத்தம் மட்டும்தான் போட்டிருக்கும்.

பெட்ரோல் பம்பும் மாற வேண்டும். கார்புரேட்டருக்கு 0.3 பார் அழுத்தம் போதும். இந்த எஞ்சின் கேட்பது சுமார் 4 பார். பழைய ரப்பர் குழாயை அப்படியே விட்டால் அது வெடித்துத் தீப்பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

இத்தனையும் முடிந்து வண்டி முதன்முறையாகச் சாலைக்கு வரும்போது, டேஷ்போர்டில் வேகமானி முள் மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் 40, 50, 60 என்று ஏறும். அதன் கேபிள் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அதற்குப் பின்னால் உள்ள ஆக்சிலும் டயரும் அதே பழையவை. முன்னால் எஞ்சின் மாறிய செய்தி அந்த முள்ளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.