ஐஸ் தண்ணீர் சுடுகிறதா? நேற்று என்ன மீன் சாப்பிட்டீர்கள்?

வெப்பமண்டலத் தீவுக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் கொசுவைப் பற்றி விசாரிப்பார்கள், வெயிலைப் பற்றி விசாரிப்பார்கள். மீனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காலையில் பிடித்த மீன், கண் பளபளக்கிறது, செவுள் சிவப்பாக இருக்கிறது. அப்புறம் என்ன பயம்? சிகுவாத்தெரா என்ற மீன் நஞ்சு விஷயத்தில் இந்தச் சோதனையெல்லாம் செல்லாது. மீன் கெட்டுப்போவதால் வருவதல்ல இது. வலையில் துள்ளும்போதே மீனுக்குள் இருக்கிறது.

இந்த நஞ்சு தொடங்குவது ஓர் ஒற்றைச்செல் உயிரியிடம். பெயர் காம்பியர்டிஸ்கஸ். 1970களில் பிரெஞ்சுப் பாலினீசியாவின் காம்பியர் தீவுகளில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். பவளப்பாறைகளில் படரும் பாசிமேல் ஒட்டி வாழ்கிறது. புயலிலோ கட்டுமான வேலையிலோ பவளம் செத்துவிட்டால் அதன்மேல் பாசி மண்டும், இதற்குக் கொண்டாட்டம்தான். பாசி மேயும் மீன்கள் இதையும் சேர்த்து விழுங்குகின்றன. அவற்றைக் களவா தின்கிறது, சீலா தின்கிறது, அஞ்சாலை தின்கிறது. நஞ்சு கொழுப்பில் கரையும் வகை என்பதால் எளிதில் உடலைவிட்டுப் போகாது. வேட்டைக்கு வேட்டை சேர்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, மீனின் உடலுக்குள் வேதிமாற்றம் அடைந்து இன்னும் வீரியமாகிவிடுகிறது.

எவ்வளவு வீரியம்? பசிபிக் வகை நஞ்சுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் பாதுகாப்பு அளவு, ஒரு கிலோ மீனில் 0.01 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அழியாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. இதுவரை சாதாரண வயிற்றுக் கோளாறு மாதிரிதான். விசித்திரம் அடுத்து வருகிறது. உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், பல் ஆடுவதுபோல் தோன்றும், குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் நெருப்பாகச் சுடும். நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் நுழைவதற்கென்று கதவுகள் உண்டு. தகவல் வரும்போது திறந்து, உடனே மூட வேண்டும். இந்த நஞ்சு அவற்றை ஒருக்களித்துத் திறந்தபடி வைத்துவிடுகிறது. தூண்டுதல் இல்லாமலே நரம்பு துடிக்கிறது. லேசான குளிர்ச்சியையும் எரிச்சலாகவும் மின்சாரம் பாய்ந்ததுபோலவும் மூளைக்குச் சொல்கிறது. சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். அப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1774இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் அதிகாரிகள், பசிபிக் தீவு நாடான இன்றைய வனுவாட்டுவில் பிடித்த சிவப்பு மீன்களைத் தின்று படுத்துவிட்டார்கள். சிகுவாத்தெராவாகத்தான் இருக்கும் என்பது இன்றைய கணிப்பு. இரண்டரை நூற்றாண்டு ஆகியும் இதற்கு மாற்று மருந்து கிடையாது. நீரிழப்பைச் சரிசெய்து, அறிகுறிகளுக்கு மருந்து கொடுப்பார்கள். உயிரிழப்பு அபூர்வம். ஆனால் மரத்துப்போவதும் அரிப்பும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது மதுவோ, கொட்டைப்பருப்போ, மறுபடி கொஞ்சம் மீனோ அதைத் திரும்ப எழுப்பிவிடலாம்.

எறும்பு மொய்க்காத மீன் நஞ்சு, வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு என்று தீவுகளில் சொல்வதுண்டு. நம்ப வேண்டாம். சீலாவையும் அஞ்சாலையையும் அடியோடு தவிர்ப்பது, களவா போன்ற பவளப்பாறை வேட்டை மீன்களில் பெரியதை ஒதுக்குவது, எந்தப் பாறை மீனானாலும் தலை, ஈரல், குடல், முட்டையைத் தொடாமலிருப்பது, இவைதான் வழி. எந்தப் பாறைப் பக்கம் பிடித்தது என்று உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். ஒரே தீவில் ஒரு பக்க மீன் நஞ்சாகவும் மறுபக்க மீன் நல்லதாகவும் இருப்பதுண்டு. சூரை போன்ற ஆழ்கடல் மீனில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. ஆனால் சூரையை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து, அதைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலை வலிக்கும். அதுவும் சமைத்தால் போகாது.