கப்பலில் இரவுச் சாப்பாடு: மேல்தளத்து பஃபேக்குப் போகும் முன்

சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஏறி மூன்று, நான்கு இரவுகள் பினாங்கு, புக்கெட் பக்கம் போய்வரும் சொகுசுக் கப்பல்களில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறையவே தென்படுகின்றன. டிக்கெட்டிலேயே அடங்கிய இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே பொதுவாக இரண்டு வழி. ஒன்று, கீழ்த்தளங்களில் மேசைக்கு வந்து பரிமாறும் பெரிய உணவகம். இன்னொன்று, மேல்தளத்தில் பெரும்பாலும் நீச்சல் குளத்தை ஒட்டி இருக்கும் பஃபே. ராயல் கரீபியன் கப்பல்களில் இதற்கு விண்ட்ஜாமர் என்று பெயர்; ஹாலந்து அமெரிக்கா, கார்னிவல் கப்பல்களில் லிடோ.

இரவிலும் பஃபே பக்கமே மக்கள் சாய்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழே முதல் பந்தி மாலை 5.30 அல்லது 6 மணிக்கு. வெயில்கூடத் தாழ்ந்திருக்காது. இரண்டாம் பந்தி எட்டு மணிவாக்கில் தொடங்கினால் சூப், முக்கிய உணவு, இனிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் குழந்தை மேசையிலேயே தூங்கிவிடும். விருந்து உடை அணியச் சொல்லும் இரவுகளில் அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்தவும் செய்யலாம். மேலே அந்தக் கெடுபிடி இல்லை. ஈர நீச்சல் உடையும் வெறுங்காலும் இல்லாவிட்டால் போதும்.

ஆனால் மதியம் பார்த்த பஃபே வேறு, இரவு பார்க்கும் பஃபே வேறு. மதியத்தில் கூட்டம் அலைமோதும்; ஒரு ட்ரே பிரியாணி பத்து நிமிடத்தில் காலியாகி அடுத்தது வந்துவிடும். இரவில் பெரும்பாலான பயணிகள் கீழே போய்விடுவதால் மேலே பாதிக் கவுண்டர்களை மூடிவைப்பதும் உண்டு. இடம் தாராளமாகக் கிடைக்கும், ஜன்னலோர மேசையும் கிடைக்கும். அதே சமயம், யாரும் எடுக்காத ட்ரே அப்படியே உட்கார்ந்திருக்கும். கூட்டமில்லாத பஃபேயைப் பார்த்து நிம்மதி அடைகிறோமே, உணவுப் பாதுகாப்பின் கண்ணில் அங்கேதான் கேள்வி எழுகிறது: இது எப்போது வைத்தது?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) கப்பல்களுக்கு வகுத்துள்ள விதி, சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெப்பநிலையை அப்படிக் காக்க முடியாத பண்டங்களுக்கு நேரக் கணக்கு: வெளியே எடுத்ததிலிருந்து 4 மணி நேரம். அதற்குள் தீராதது குப்பைக்குப் போக வேண்டும். நல்ல கப்பல்களில் இதைப் பதிவேட்டில் எழுதியே நடத்துகிறார்கள். பயணி கையில் வெப்பமானி இருக்காது. கண் இருக்கிறது.

குழம்பு வகையின் மேல் ஆடை படிந்து ஓரம் காய்ந்து கறுத்திருந்தால் அது நெடுநேரம் கிடந்தது. கரண்டியால் ஒருமுறை கிளறுங்கள். அடியிலிருந்தும் ஆவி எழ வேண்டும். மேலே தொங்கும் சிவப்பு விளக்கு மேல்பரப்பை மட்டுமே சூடாக்கும், குவித்து வைத்த வறுவலின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு இறங்காது. குளிர் வகையிலும் அதே சங்கதிதான். ஐஸ் மேல் வைத்த தட்டில் இறாலை மலைபோல் அடுக்கியிருந்தால், ஐஸைத் தொடும் கீழ்வரிசைதான் குளிர்ந்திருக்கும். உச்சியில் இருப்பது அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். நாம் எடுப்பதோ உச்சியிலிருந்து.

இன்னொன்றைக் கவனியுங்கள். ட்ரே குறையும்போது ஊழியர் பழைய ட்ரேயை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறாரா, அல்லது மிச்சத்தின் மேலேயே புதியதைக் கொட்டுகிறாரா? முதலாவதுதான் முறை. இரண்டாவதில் அடியில் கிடக்கும் பழையதன் வயது யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்வதைப் பார்த்தால் அந்த வகையை விட்டுவிடுங்கள்.

சோற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு அது அபாயமான பண்டமாகவே தோன்றாது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். ஃபிரைடு ரைஸ்தான் இதில் பெயர் பெற்றது, ஏனென்றால் முன்கூட்டியே வடித்து ஆறவைத்த சோற்றில் செய்வது அது. கெட்டியான கறிக்குழம்பில் வளர்வது வேறொரு கிருமி, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். அது வயிற்றுவலியும் பேதியுமாக 6 முதல் 24 மணி நேரத்தில் காட்டும்.

ஆகவே பஃபே திறந்த முதல் முக்கால் மணி நேரத்தில் போவது நல்லது. மூடுவதற்கு முந்தைய அரைமணியைத் தவிருங்கள். கரையிலிருந்து தாமதமாகத் திரும்பி வேறு வழியில்லை என்றால், கண்ணெதிரே செய்து தரும் கவுண்டருக்குப் போங்கள்: பாஸ்தா, நூடுல்ஸ், ஆம்லெட், சுடச்சுட நான் ரொட்டி என்று எது இருந்தாலும். அங்கே வரிசை நீளமாக இருக்கும். நிற்கலாம்.

இனி கை. கப்பலில் வயிற்றுப்போக்கு பரவியது என்ற செய்தியில் பெரும்பாலும் வரும் பெயர் நோரோவைரஸ். ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஒரு சதவீதம்தான் என்று சி.டி.சி.யே சொல்கிறது. கப்பலில் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து அறிவிப்பதால் வெளியே தெரிகிறது. பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, ஆனால் பரவும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது; அதனால் வாசலில் பீய்ச்சித் தரும் ஆல்கஹால் சானிடைசருக்கு அது சரியாக மசிவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடித் தேய்ப்பும்தான் அதை உரித்துக் கழுவித் தள்ளும். பல கப்பல்களில் பஃபே வாசலிலேயே கைகழுவும் தொட்டி வரிசை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி சானிடைசருக்குக் கை நீட்டுபவர்கள்தான் அதிகம்.

நம்மைப் பொறுத்தவரை இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே நுழையும்போது கை கழுவியாயிற்று. பிறகு கரண்டிக் காம்பு, இடுக்கி, சாஸ் பாட்டில், தண்ணீர்க் குழாய் என்று நூறு பேர் தொட்டதையெல்லாம் நாமும் தொடுகிறோம். முட்கரண்டியால் சாப்பிடுபவருக்கு அந்தக் கை வாய்க்குப் போவது குறைவு. நாமோ அதே கையால் சோற்றைப் பிசைகிறோம், சப்பாத்தியைப் பிய்க்கிறோம். எனவே தட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டாவது முறை போய்க் கை கழுவிவிட்டு உட்காருங்கள். கையால் சாப்பிடுபவருக்கு நுழைவாசல் கழுவலைவிட இந்தக் கழுவல்தான் முக்கியம். அதன் பிறகு கைப்பேசியைத் தொடாமலிருந்தால் இன்னும் நல்லது.

மறுபடி பரிமாறிக்கொள்ளப் போகும்போது புதுத் தட்டு எடுங்கள். வீட்டுப் பழக்கத்தில் எச்சில் தட்டோடு போய் நிற்பவர்களைப் பார்க்கலாம்; கரண்டி அந்தத் தட்டைத் தொட்டுவிட்டு ட்ரேக்குத் திரும்புகிறது. வாய் வைத்துக் குடித்த பாட்டிலைத் தண்ணீர்க் குழாய் மூக்கில் முட்டி நிரப்புவதும் அதே கணக்கு. டம்ளரில் பிடித்து ஊற்றிக்கொள்ளலாம். தும்மல் தடுப்புக் கண்ணாடி பெரியவர்கள் உயரத்துக்கு வைத்தது. சின்னப் பிள்ளைகளின் முகம் அதற்குக் கீழே, நேராக உணவுக்கு எதிரே இருக்கும். அவர்களை மேசையில் உட்காரவைத்து நீங்கள் எடுத்து வாருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இரவு பஃபேயில் பொறி நிறைய. காய்கறி சூப் கோழி வேகவைத்த சாற்றில் (ஸ்டாக்) செய்ததாக இருக்கலாம். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் உண்டு, வூஸ்டர் சாஸிலும் அதே. சீனக் கவுண்டரில் பச்சைக்காய் வதக்கலில் சிப்பி சாஸ், தாய்லாந்துக் குழம்பில் மீன் சாஸ். பளபளவென்று நிற்கும் மூஸ், ஜெல்லி, சீஸ்கேக் வகைகளில் ஜெலட்டின். அசல் பார்மெசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறையவைத்தது. ‘இது வெஜ்ஜா?’ என்று கேட்டால் கண்ணுக்குக் கறி தெரியாததால் ‘ஆமாம்’ என்று பதில் வரும். ‘எந்த ஸ்டாக்கில் செய்தீர்கள்? சிப்பி சாஸ், மீன் சாஸ் போட்டீர்களா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களில் இந்தியர்கள் பலர் இருப்பார்கள்; தயங்க வேண்டியதில்லை. பருப்பு ட்ரேக்குப் பக்கத்திலேயே சிக்கன் மசாலா இருந்தால் கரண்டி மாறிவிழுவது சகஜம். பின்னாலிருந்து புதிதாகக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருவார்கள்.

கடலை, இறால், எள் என்று கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் இரவில் பஃபே பக்கம் போகாமலிருப்பதே சரி. பெயர்ப் பலகை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், முன்னால் நின்றவர் இறாலைத் தொட்ட இடுக்கியால் உங்கள் உணவைத் தொட்டதை அது சொல்லாது. கீழே உள்ள உணவகத்தில் முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவிட்டால், மறுநாளுக்கான பட்டியலை முந்தைய இரவே காட்டித் தனியாகச் செய்து தரும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. கர்ப்பிணிகள் பஃபேக்குப் போகலாம். பச்சைச் சிப்பி, பச்சை மீன் சுஷி, புகையூட்டிய சால்மன், பாஸ்டரைஸ் செய்யாத மென்சீஸ் ஆகியவற்றைத் தொட வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். கீழே உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த கையோடு வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கொண்டால், முக்கிய உணவு வர நாற்பது நிமிடம் ஆகிவிடும். அதற்குள் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கும். பஃபேயில் தட்டு முன்னால் வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம், எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். முதல் சுற்றைத் தட்டில்லாமல் நடந்து பாருங்கள். பிறகு காய்கறி, பருப்பு, மீன் அல்லது பன்னீர், கடைசியில் சோறோ ரொட்டியோ. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், நீண்ட நேர இன்சுலினையும் மாத்திரைகளையும் எந்த மணிக்கு எடுப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சூப், ஆலிவ், ஊறுகாய், பதப்படுத்திய இறைச்சி, சீஸ் ஆகியவற்றின் உப்பைக் கணக்கில் வைக்கவும். மூன்றாம் நாள் கால் வீக்கம் அந்த வழியிலும் வரலாம்.

ஒரு மாலை பஃபேக்குப் போனால் கரண்டிகளெல்லாம் காணாமல், கையுறை போட்ட ஊழியர்களே பரிமாறிக்கொண்டிருக்கலாம். வரிசை நகராது, பலர் சலித்துக்கொள்வார்கள். கப்பலில் வயிற்றுக் கோளாறு எண்ணிக்கை கூடும்போது எடுக்கும் நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பயணங்களில், பயணிகளிலோ ஊழியர்களிலோ வயிற்றுக் கோளாறு வந்தவர்கள் 3 சதவீதத்தைத் தொட்டால் சி.டி.சி. அதைப் பொதுவில் வெளியிடும். சி.டி.சி.யின் கப்பல் சுகாதாரத் திட்டத்தில் கப்பல்களுக்கு 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 85-ம் அதற்குக் கீழும் தேறவில்லை என்று பொருள். முன்பதிவுக்கு முன் இணையத்தில் பார்க்கலாம். ஆசியாவிலேயே சுற்றும் கப்பலுக்கு அண்மைய மதிப்பெண் இருக்காது.

உங்களுக்கே ஒரு நாளில் மூன்று முறை வயிறு போனாலோ வாந்தி வந்தாலோ கேபினிலிருந்தே மருத்துவப் பிரிவுக்கு ஃபோன் செய்யுங்கள். அறையில் அடைத்துவைப்பார்களே என்று மறைத்துவிட்டு மறுவேளை பஃபேயில் இடுக்கியைப் பிடிப்பவரால்தான் அடுத்த நூறு பேருக்குப் போகிறது. நோரோவைரஸ் வெளிப்பட 12 முதல் 48 மணி நேரம் ஆகும் என்பதால், கடைசியாகச் சாப்பிட்ட உணவைக் குறை சொல்வதும் பல சமயம் தவறான முகவரிதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். உறையில் 200 மில்லியா 1 லிட்டரா என்று பார்த்துக் கரையுங்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைப் போட்டு அடக்க வேண்டாம்.

ராத்திரி பசிக்குமே என்று பஃபேயிலிருந்து ஒரு கிண்ணம் சோற்றைக் கேபினுக்கு எடுத்துப்போய்க் குட்டி ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கேபின் ஃபிரிட்ஜ்களில் பல, பானங்களைச் சில்லென்று வைக்க மட்டுமே ஆனவை. 5 டிகிரி வரை இறங்குவதில்லை. ரொட்டி, பிஸ்கட், முழுப் பழம் வைக்கலாம். இன்சுலின் வைப்பதானால் கேபின் பணியாளரிடம் மருந்துக்கான ஃபிரிட்ஜ் வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.