மேலே போகப் போக பசி ஏன் குறைகிறது?

டயட் இருந்து எடையைக் குறைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாலைந்து கிலோ குறைந்ததும் பசி முன்னைவிட மோசமாக வயிற்றைக் கிள்ளும். இழந்த கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உடம்பு செய்கிற வேலை அது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் 'சாப்பிடு' என்று மூளையை நச்சரிக்கும். கொழுப்புச் செல்களில் இருந்து வரும் லெப்டின் 'இருப்பு போதும்' என்று சொல்லும். எடை குறைந்தால் முன்னது ஏறும், பின்னது இறங்கும். பாதி டயட்டுகள் இங்கேதான் கவிழ்கின்றன.

உயரமான இடங்களில் இந்தக் கணக்கு உதைக்கிறது. எடை இறங்கிக்கொண்டே போகும், பசி மட்டும் எட்டிப் பார்க்காது.

குளிர், ஓயாத நடை, வாய்க்கு விளங்காத சாப்பாடு, இவைதான் காரணம் என்று தோன்றலாம். 1985-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில் இவை எதுவுமே இல்லை. எட்டு ஆண்கள் ஒரு மூடிய அறைக்குள் 40 நாள் தங்கினார்கள். உள்ளே இருந்த காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எவரெஸ்ட் உச்சியின் அளவுக்கு, அதாவது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு, இறக்கினார்கள். அறை இதமாக இருந்தது. பிடித்ததை, பிடித்த அளவு சாப்பிடலாம். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் ஆறு பேர். நாளுக்கு 3,136 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 1,789-க்கு இறங்கிவிட்டார்கள். சராசரியாக ஏழு கிலோவுக்கு மேல் இளைத்தார்கள்.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஆக்சிஜன்தான். காற்றில் அதன் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் மேலே அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் குறைகிறது. நம் செல்களில் 'ஹிஃப்' என்றொரு புரதம் உண்டு. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது செல் அதை உண்டாக்கிய கையோடு அழித்துவிடும். தட்டுப்பாடு வந்தால் அழிக்கும் வேலை நின்று, ஹிஃப் தேங்கி, பல மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றில் ஒன்று லெப்டினின் மரபணு! கிரெலினோ, ஒரு கொழுப்பு அமிலம் வந்து ஒட்டிக்கொண்டால்தான் பசியைத் தூண்டும். ஆக்சிஜன் குறைந்த சூழலில் இந்த ஒட்டிய வகை ரத்தத்தில் குறைவதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

லெப்டின் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் ஏறியது, சிலவற்றில் இறங்கியது. எனக்குப் பிடித்தது 2010-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு. உடல் பருமன் கொண்ட 20 ஆண்களை சுக்ஸ்பிட்ஸ மலையில் 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் தங்க வைத்தார்கள். உணவுக் கட்டுப்பாடு கிடையாது, கூடுதல் நடையும் கிடையாது. சுமார் ஒன்றரை கிலோ இறங்கியது. சும்மா இருக்கும்போதே உடல் எரிக்கும் கலோரி கூடியது, சாப்பாடு குறைந்தது, லெப்டின் ஏறியது. எடை குறைந்தும் லெப்டின் ஏறுவது தலைகீழ் சங்கதி. கீழே இறங்கி நான்கு வாரம் ஆன பிறகும் எடை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

அங்கேயே வாழ்பவர்களுக்கு? அமெரிக்க ராணுவத்தினரை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கே பணி என்பதைப் பெரும்பாலும் மேலிடமே தீர்மானிப்பதால், ஒல்லியானவர்கள்தான் மலைக்குக் குடிபோகிறார்கள் என்று இங்கே தள்ளிவிட முடியாது. 1,960 மீட்டருக்கு மேல் பணியாற்றியவர்கள் உடல் பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு, தாழ்வான இடங்களில் இருந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது.

சரி, மூட்டையைக் கட்டலாமா? அவசரம் வேண்டாம். முதல் சில நாட்களில் இறங்குவதில் ஒரு பகுதி வெறும் தண்ணீர். உலர்ந்த காற்றில் வேகமாக மூச்சு விடுவதிலும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதிலும் போய்விடும். அந்த மூடிய அறையில் இளைத்தவர்கள் இழந்ததில் கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஸ்கேனில் தெரிந்தது சுருங்கிப்போன தசை.