படிக்க லகுவாக இருந்தால் உண்மையாகத் தோன்றுமா?

ஓசோர்னோ என்ற ஊர் சிலி நாட்டில் இருக்கிறது. நம்புகிறீர்களா? 1999-இல் ரோல்ஃப் ரெபர், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளர்கள், இன்ன ஊர் இன்ன நாட்டில் என்று சொல்லும் இதுபோன்ற வாக்கியங்களை வெள்ளைத் திரையில் காட்டினார்கள். சில பளிச்சென்ற நிறத்தில், சில மங்கிய நிறத்தில். பளிச்சென்று தெரிந்தவற்றை உண்மை என்று சொன்னவர்கள் சற்றே அதிகம்.

முன்பே தெரிந்த விஷயத்தை மூளை சிரமமில்லாமல் படித்துவிடும். அந்தச் சிரமமின்மையையே 'இது தெரிந்ததுதான், சரியாகத்தான் இருக்கும்' என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொள்கிறது. ஆனால் லகு எங்கிருந்து வந்தது என்று அது விசாரிப்பதில்லை. பழக்கத்தால் வந்ததா, எழுத்தின் நிறத்தால் வந்ததா? இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

2008-இல் ஷ்வார்ஸும் ஹ்யுன்ஜின் சாங்கும் ஓர் உடற்பயிற்சிக் குறிப்பை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஏரியல் எழுத்துருவில் படித்தவர்கள் பயிற்சிக்குச் சராசரியாக 8.2 நிமிடம் ஆகும் என்றார்கள். வளைந்து நெளிந்த தூரிகை எழுத்துருவில் படித்தவர்கள் 15.1 நிமிடம் என்றார்கள். குறிப்பு ஒன்றுதான். படிப்பதில் பட்ட பாட்டைப் பயிற்சியின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

வலைப்பக்கம் எழுதுகிறவர் வெளிர் சாம்பல் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நடப்பதும் இதுதான். பார்வைக் குறைவு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளி வேறுபாடு) கேட்கிறது. இந்த விகிதத்தைக் கணக்கிட, இரண்டின் ஒளிர்வோடும் தனித்தனியே 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளையின் ஒளிர்வு 1, கறுப்பு 0 என்பதால் 1.05-ஐ 0.05-ஆல் வகுத்தால் 21. அதற்கு மேல் போக முடியாது. அழகுக்காக 3-க்கும் கீழே இறங்கும் பக்கங்கள் ஏராளம். வெயிலில் நின்று போனில் பார்த்தால் அந்த அழகும் தெரியாது.

தமிழுக்கு இதில் கூடுதல் கஷ்டம் உண்டு. க, க் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிதான். கொ, கோ இரண்டுக்கும் நடுவே ஒரு சுழி. எழுத்து சிறுத்து மங்கினால் முதலில் காணாமல் போவது இவைதான். புள்ளியும் இகரக் குறியும் மேலே நீள, உகரக் குறிகள் கீழே தொங்க, ஆங்கிலத்துக்கென்று அமைத்த வரி இடைவெளியில் தமிழ் வரிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். கண் வரிமுடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தாவுகிறது. வரி நீண்டு இடைவெளியும் குறைந்தால் அந்தத் தாவல் தவறி, படித்த வரியையே மறுபடி படிப்போம். வரி உயரத்தைத் தாராளமாக வையுங்கள். டெம்ப்ளேட் கொடுத்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

சரி, தெளிவாக இருந்தால் போதுமா? 2002-இல் ஸ்டான்ஃபோர்டில் பி. ஜே. ஃபாக் குழு 2,684 பேரிடம் தளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னது. அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. ஏமாற்றுக்காரர்களுக்கும் இது தெரியும் என்பதுதான் சங்கடம்.

அதே ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவம் சார்ந்த இரண்டு அமெரிக்க அமைப்புகளின் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய பெரிய மருத்துவர் சங்கம்; மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. இரண்டாவதன் பக்கமும் நேர்த்தியாக, அடிக்குறிப்புகளோடு இருந்தது. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதையே அதிகம் நம்பினார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்கள் சிலரும் தடுமாறினார்கள். காரணம், அவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாக உற்றுப் படித்தார்கள். சரிபார்ப்பவர்களோ சீக்கிரமே வேறு டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள்.

ஆகவே நல்ல பக்கம் வாசகர் வெளியே போகவும் வழி வைத்திருக்கும்: எழுதியவரின் முழுப்பெயரும் பின்னணியும், கடைசியாகத் திருத்திய தேதி, 'ஆய்வுகள் சொல்கின்றன' என்ற இடத்தில் அந்த ஆய்வுக்கே நேராகப் போகும் இணைப்பு. வாசகர் போய்விட்டால் திரும்பி வரமாட்டார் என்று பயந்து இணைப்பே தராத தளங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.