ஞாயிறு முழுக்கப் படுத்தும் தீராத களைப்பு

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வசித்துக்கொண்டு, திங்கள் முதல் சனி வரை புறக்கோட்டையிலோ கோட்டையிலோ வேலை செய்யும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை படுத்து எழும்பிய பிறகும் மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருக்கிறது என்று சொல்வதைக் கொழும்பில் அடிக்கடி கேட்கலாம். அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. நித்திரை தீர்க்கும் களைப்பு ஒன்று உண்டு; நித்திரையால் தீராத களைப்புகளும் உண்டு. பகல் வெளிச்சம் காணாத மந்தம், நாள் முழுவதும் கவனத்தை இழுத்துப் பிடித்ததால் வரும் எரிச்சல், இதயமும் மூச்சும் ஓயாத விழிப்பிலேயே இருப்பதால் வரும் இறுக்கம் என்பன உடலின் வெவ்வேறு ஏற்பாடுகளில் பிறப்பவை. அவை தனித்தனிக் கடன்கள். ஒன்றுக்குக் கட்ட வேண்டியதை இன்னொன்றின் கணக்கில் போட முடியாது. ஆனால், நேரம் பார்த்துச் செய்யும் ஒரே செயல் சில வேளைகளில் இரண்டு மூன்று கடன்களைச் சேர்த்து அடைத்துவிடுகிறது என்பதுதான் வேலைப்பளு மிகுந்தவர்களுக்கு அறிவியல் தரும் நல்ல செய்தி.

முதலில் நித்திரையையே எடுத்துக்கொள்வோம். நித்திரையை இரண்டு விசைகள் சேர்ந்து நடத்துகின்றன என்று 1982 இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி முன்வைத்த விளக்கம் இன்றும் இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. முதலாவது விசை, விழித்திருக்கும் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும் நித்திரை அழுத்தம். மூளை உழைக்க உழைக்க அடினோசின் என்ற பொருள் அதில் சேர்கிறது. நித்திரையில் அது குறைகிறது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் இந்த அடினோசினை அகற்றுவதில்லை. மூளைக் கலங்களில் அது வந்து அமர வேண்டிய இடங்களைத் தான் பிடித்துக்கொள்கிறது. களைப்பு அங்கேயே இருக்க, களைப்பின் செய்தி மட்டும் தடைப்படுகிறது. உடலில் கஃபீனின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் செல்வதால், மாலை 5 மணிக்குக் குடித்த சாயம் கூடிய பிளேன்டீயில் இருந்த கஃபீனின் பாதி இரவு 10 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும்.

இரண்டாவது விசை உடற்கடிகாரம். கண்களிலிருந்து வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி, உடலின் வெப்பநிலை, ஓமோன்கள், பசி, விழிப்பு எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிறது. கலங்களுக்குள் மரபணுக்கள் இந்தத் தாளத்தை எப்படி உண்டாக்குகின்றன என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதரில் இக்கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. ஒவ்வொரு நாளும் யாராவது அதைத் திருத்திவைக்காவிட்டால் அது மெல்லப் பின்தங்கிப்போகும். திருத்துவது வெளிச்சம். பார்ப்பதற்கு உதவும் கலங்களைத் தவிர, நீல ஒளிக்கு நன்றாகத் துலங்கும் மெலனொப்சின் என்ற நிறப்பொருளைக் கொண்ட வேறு சில கலங்களும் விழித்திரையில் உள்ளன. அவை ஒளியைத் தாமாகவே உணர்ந்து இந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது 2002 இல்தான் உறுதியானது.

இங்கே எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அலுவலக அறை ஒன்றின் வெளிச்சம் வழக்கமாக 300 முதல் 500 லக்ஸ். செட்டியார் தெரு நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு மேல் எரியும் விளக்குகள் அதைவிடப் பிரகாசமாக இருந்தாலும், பகலில் கடைவாசலுக்கு வெளியே நிழலில் நிற்பவருக்குக் கிடைக்கும் சுமார் 10,000 லக்ஸுக்கு அவை கிட்டவும் வராது. நேரடி வெயில் 100,000 லக்ஸைத் தொடும். நம் கண் தன்னைச் சூழலுக்கேற்ப விரைவாகச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரிய வேறுபாட்டை நாம் உணர்வதில்லை, உடற்கடிகாரமோ உணர்கிறது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, இரவு வெளிச்சம் பின்னே இழுக்கிறது. பகல் முழுவதும் கடைக்குள் மங்கலிலும் இரவில் கைத்தொலைபேசித் திரையின் முன்னும் இருப்பவரின் கடிகாரம், எது பகல் எது இரவு என்று தெளிவாகப் பிரித்தறிய வழியில்லாமல் தவிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை படுத்தவருக்கு நேர்ந்தது இப்போது விளங்கும். அவருடைய நித்திரைக் கடனில் ஒரு பகுதி தீர்ந்தது உண்மை. ஆனால் கடிகாரத்தை முன்னே தள்ளியிருக்க வேண்டிய காலை வெளிச்சத்தை அவர் தவறவிட்டார். மதியம் எழும்பியதால் இரவு 10 மணிக்குள் அடினோசினும் போதிய அளவு சேரவில்லை. எனவே ஞாயிறு இரவு நித்திரை பிந்துகிறது. திங்கள் காலை 5 மணிக்கு அலாரம் அடிக்கும்போது உடலுக்கு அது நடுச்சாமம். வேலை நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் இடையே நித்திரை நேரம் இப்படித் தாவுவதை, ஜெர்மனியின் டில் ரொன்னபேர்க்கும் அவரது குழுவினரும் விமானப் பயணத்தில் நேர வலயம் மாறுவதோடு ஒப்பிட்டு 2006 இல் விளக்கினார்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படுப்பதில் பெரிய பாதகமில்லை என்பதும், அதற்கு மேல் தேவைப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம் போடுவதே மேல் என்பதும் என் கருத்து.

ஒரு நாளுக்கு மூளையில் கடிகாரம் இருப்பதைப்போல ஒரு வாரத்துக்கு அப்படி எதுவும் கண்டறியப்படவில்லை. கிழமை என்பது மனிதர் கூடி வைத்த ஏற்பாடு. இதை இலங்கையர் போல நேரில் அனுபவித்தவர்கள் உலகில் குறைவு. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. நிலவின் நான்கு கட்டங்களையொட்டிய போயா நாட்களே விடுமுறையாக இருந்தன. நிலவின் ஒரு சுற்று ஏறக்குறைய 29.5 நாட்கள் என்பதால், அதை நான்காகப் பிரித்தால் ஏழு நாட்களுக்குச் சற்று அதிகமாக வரும். அதனால் விடுமுறை ஒவ்வொரு கிழமையாக நகர்ந்துகொண்டே போனது. வெளிநாட்டு வணிகத்துக்கு அது ஒத்துவராததால் சனி, ஞாயிறு மீண்டும் வந்தன. பௌர்ணமிப் போயா மட்டும் மாதந்தோறும் நிலைத்தது. வார ஓய்வை உடல் தானாகக் காப்பாற்றித் தராது, சமூகம்தான் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டுகின்றன. சமூகத்தில் அதை மிக உறுதியாகக் காத்துவருவது சமயம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு திருப்பலி, கோயிலின் வெள்ளிப் பூசை ஆகியவற்றை முகாமையாளரின் மின்னஞ்சலுக்காக யாரும் தள்ளிவைப்பதில்லை. நாமே நினைத்து எடுக்கும் ஓய்வு வேலை நெருக்கும்போது முதலில் பலியாகிறது. பிறரோடு கூடி நிற்க வேண்டிய ஓய்வு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

வழிபாடு நேரத்தைக் காப்பதோடு நிற்பதில்லை. அதன் மூச்சு முறை இதயத்தைத் தொடுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவுபடுவதும் வெளியே விடும்போது தணிவதும் இயல்பு. தணிப்பது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு. இதனோடு இன்னொரு ஏற்பாடும் ஓடுகிறது. கழுத்து நாடியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியிலும் குருதியமுக்கத்தை அளக்கும் உணரிகள் உள்ளன. அமுக்கம் கூடினால் துடிப்பைக் குறைக்கவும், குறைந்தால் கூட்டவும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. செய்தி போய், திருத்தம் நடந்து, அதன் விளைவு திரும்பி வருவதற்குச் சிறிது தாமதம் ஏற்படுவதால், குருதியமுக்கம் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அந்த வேகத்தில் மூச்சின் அலையும் அமுக்கத்தின் அலையும் தத்தம் போக்கில் செல்கின்றன. மூச்சு நிமிடத்துக்கு ஆறாகக் குறையும்போது இரண்டும் 10 விநாடி அலையாக ஒன்றுசேர்கின்றன. அப்போது துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருகுகிறது, குருதியமுக்க உணரிகளின் கட்டுப்பாடும் கூர்மையடைகிறது.

இத்தாலியின் லுச்சியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் 2001 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. 23 பேரை இலத்தீன் மொழிச் செபமாலையும் ஒரு மந்திரமும் சொல்ல வைத்தபோது, இரண்டுமே அவர்களின் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்குக் கொண்டுவந்தன. மூச்சைக் குறையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாக்கியங்களின் நீளமே அதைச் செய்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும் காரணம் தெளிவாக விளங்குகிறது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் செபமாலையை ஒரு பாதி ஒருவரும் மறுபாதி எல்லோரும் சொல்வதைக் கவனித்தால், சொல்லும் நேரம் வெளிமூச்சாகவும் காத்திருக்கும் நேரம் உள்மூச்சாகவும் தானாகப் பிரிவது தெரியும். பொன்னம்பலவாணேஸ்வரத்தில் பூசை முடிந்து பஞ்சபுராணம் ஓதுபவர், பண்ணோடு ஓர் அடியை இழுத்து முடித்த பிறகே மூச்செடுக்கிறார். அந்த நீண்ட வெளிமூச்சில்தான் வேகஸ் நரம்பு தன் வேலையைச் செய்கிறது. அவசரமாக முணுமுணுத்து முடிக்கும் செபத்துக்கோ தேவாரத்துக்கோ இந்த விளைவை எதிர்பார்க்க முடியாது. பக்தர் யாரும் குருதியமுக்கத்துக்காகக் கும்பிடுவதில்லை என்பதும், கும்பிடுவதன் பொருளை இந்த அளவீடு தொடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் வழிபடும் உடல் ஓய்வும் பெறுகிறது என்பது மகிழ்ச்சி தரும் அறிவு.

கவனத்தின் களைப்பு இன்னொரு வகை. கணக்குப் பார்ப்பதற்கும் வாடிக்கையாளரோடு பேசுவதற்கும் நாம் பயன்படுத்துவது வலிந்து செலுத்தும் கவனம். இடையில் வரும் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டுதான் அது இயங்க முடியும், அந்த அடக்குதலே சோர்வைத் தருகிறது. ரேச்சல், ஸ்டீஃபன் கப்லான் தம்பதியர் தந்த விளக்கத்தின்படி, மெல்ல ஈர்க்கும் காட்சிகள் கவனத்தைத் தாமாகவே ஏந்திக்கொள்வதால் வலிந்த கவனத்துக்கு இளைப்பாறுதல் கிடைக்கிறது. காலிமுகத்திடலில் மாலை நேரத்தில் இதைக் கண்ணாரக் காணலாம். பட்டம் விடும் பிள்ளையின் தகப்பன் நூல் உருளையைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிறார். காற்று தளரும்போது நூல் தொய்கிறது, அவர் இரண்டு அடி பின்னே நடந்து அதை இறுக்குகிறார், மீண்டும் நிற்கிறார். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்வதைக்கூட அவர் கவனிப்பதில்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் அந்த நடைபாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைத் தம் பின் வருவோரின் பொறுப்பில் விடுவதாகக் கல்லில் பொறித்தார்; அந்தக் கல் இன்னும் அங்கே நிற்கிறது.

பசுமையும் நீரும் உடலுக்கு உதவுவதற்குச் சான்றுகள் உள்ளன. ரொஜர் உல்ரிக் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளுள், யன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலிமையான வலிநிவாரணிகளையும் குறைவாகவே கேட்டார்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவைக் கொண்டு 2019 இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடங்களேனும் இயற்கைச் சூழலில் செலவிட்டவர்கள் நல்ல உடல்நலத்தைத் தெரிவிக்கும் வாய்ப்பு அதிகம் என்றது. அதை ஒரே தடவையில் செலவிட்டாலும் பிரித்துச் செலவிட்டாலும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே வெளியே அதிகம் போகிறார்கள் என்ற சாத்தியத்தை அந்த ஆய்வால் முற்றாக விலக்க முடியாது. எப்படியானாலும், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில், பெத்தகான, தியவன்னா ஓயாக் கரை போன்ற இடங்கள் பஸ் தூரத்திலேயே இருக்கின்றன.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021 இல் மதிப்பிட்டன. உடல் வேலையிடத்தை விட்டு வந்த பிறகும் மனம் அங்கேயே நின்றால், அழுத்தத்துக்கான ஏற்பாடுகள் இறங்குவதில்லை. வீட்டுக்குத் திரும்பிய கையோடு குசினிக்குள் நுழையும் பெண்ணுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஞாயிறு விசேட சமையல் நாளாக இருக்கும் வீட்டில் அவளுக்கு வார ஓய்வே கிடையாது. அதை அவளால் தனியாகச் சரிசெய்யவும் முடியாது, வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் கறிச்சட்டியைக் கையில் எடுக்க வேண்டும்.

கடை பூட்டி வெளியே வரும்போது சூரியன் மறைந்திருக்கும் என்பவர்களுக்குக் காலைதான் மிச்சம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் கொழும்பில் ஆண்டு முழுவதும் 6 மணியை ஒட்டியே விடிகிறது. வெக்கை ஏறுவதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் கிடைக்கும். வீட்டிலிருந்து கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ விடிந்தபின் நடந்து போய், நிதானமாக ஒரு தேவாரமோ செபமோ சொல்லிவிட்டு, மெரின் டிரைவ் வழியாகத் திரும்பி வரும் ஒருவர், கடிகாரத்துக்கு வெளிச்சம், இதயத்துக்கு மெதுவான மூச்சு, கவனத்துக்குக் கடல், கால்களுக்கு நடை ஆகிய அனைத்தையும் அரை மணி நேரத்தில் பெற்றுவிடுகிறார். சுபஹு தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வருபவர் விடியும் வரை சற்றுச் சுற்றி நடந்தால் போதும். அதற்கும் நேரமில்லாதவர் பஸ்ஸிலிருந்து இரண்டு தரிப்பு முன்னதாக இறங்கலாம். ஒக்டோபர், நவம்பர் மழையில் வானம் மூடியிருக்கும் காலையிலும், குடையோடு வெளியே நிற்பவரின் கண்ணுக்குக் கடைக்குள் நிற்பவருக்குக் கிடைப்பதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது.