அணை மீனுக்கு உரிமம்: வலை போடும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கொங்குப் பகுதியின் அணை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகப் பரிசல் தள்ளி மீன் பிடித்து வந்த ஒருவர், உரிமம் இல்லாமல் மீன் பிடித்ததாகச் சொல்லி வலையும் பரிசலும் பறிக்கப்பட்ட மறுநாள் என்னிடம் வந்தார். உரிமம் இருக்கிறதே என்று அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. அதைத்தான் அவர் அத்தனை காலமும் உரிமம் என்று நம்பியிருந்தார். அது வேறு, இது வேறு என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. "அங்க போனா இங்க போங்கறாங்க, இங்க வந்தா அங்க போங்கறாங்க. நான் எங்கீங்க போறது?" என்று அவர் கேட்டார். அவரைப் போன்றவர்கள் எங்கே போக வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கட்டுப்பாடு எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய அணை நீரில் அவை எளிதில் பெருகுவதில்லை என்பதால் அரசுச் செலவில் குஞ்சு விட்டு வளர்க்கப்படுகின்றன. குஞ்சு வளர்வதற்குள் சிறுகண் வலையால் வாரிவிட்டால் அடுத்த ஆண்டு எவருக்கும் மீன் இருக்காது. எனவே வலை போடும் ஆட்களின் எண்ணிக்கை, வலைக்கண்ணின் அளவு, பிடிக்கும் காலம் ஆகியவற்றுக்கு வரம்பு வைக்கிறார்கள். நியூசிலாந்து போன்ற நாடுகளில் 1986 முதல் இருப்பதைப் போல, ஆளுக்கு இத்தனை டன் என்று எடையைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை நம் அணைகளில் இல்லை. இங்கே உரிமமும் வலைக்கண்ணும்தான் வரம்பு. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதைச் செய்பவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் முறையாக வலை போட்டுப் பிழைப்பவர், காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் வெடி வைத்தவரோடு சேர்த்து நிறுத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதல் அலைச்சல், எந்த அலுவலகம் என்பதிலேயே தொடங்குகிறது. எல்லா நீர்நிலைகளும் ஒரே கையில் இல்லை. மேட்டூர் அணையில் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையே உரிமம் தருகிறது. பவானிசாகர், ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி அணைகளின் மீன்பிடிப்பு, 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. ஊராட்சிக் குளங்களின் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையின் குத்தகை, உள்ளாட்சி வழியாகவும், பெரிய பாசன ஏரிகளின் குத்தகை துறைகளின் வழியாகவும் ஏலம் போகிறது. இதில் மாவட்ட எல்லை வேறு குறுக்கே வருகிறது. பவானிசாகர் நீர்ப்பரப்பின் மேல்பகுதி சிறுமுகைப் பக்கம் கோவை மாவட்டத்தில் இருக்கிறது, அணை ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. மேட்டூர் அணையின் ஒரு கரை சேலத்தில், மறு கரை தருமபுரியில். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் அலுவலகம் உங்கள் நீருக்குப் பொறுப்பான அலுவலகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்பே, இந்த நீர்நிலையின் மீன்பிடி உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது, உரிமம் தரும் அலுவலர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி மூன்று முறை பேருந்து ஏறியவர்களை எனக்குத் தெரியும். அந்த மூன்று நாட்களும் அவர்கள் வீட்டில் வருமானம் இல்லை.

இரண்டாவது கண்ணி, மேலே சொன்னவர் சிக்கியது. மீனவரின் கையில் பொதுவாக மூன்று தனித்தனி அடையாளங்கள் இருக்கலாம். கூட்டுறவுச் சங்க அட்டை, நீங்கள் அந்தச் சங்கத்தில் பங்குத்தொகை கட்டிய உறுப்பினர் என்பதை மட்டும் சொல்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மீனவர் நல வாரியத்தின் அட்டை, இயற்கை மரணம், விபத்து, கல்வி போன்றவற்றுக்கான உதவிகளுக்கு உங்களைப் பதிவு செய்கிறது. மீன்பிடி உரிமம் மட்டுமே குறிப்பிட்ட நீரில், குறிப்பிட்ட காலத்துக்கு, வலை போட அனுமதிக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றின் பலனைக் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்த இடத்தில் சட்டம் அவர்கள் பக்கம் இருக்கும். மூன்றையும் வீட்டில் எடுத்து வைத்து, எது எது வரை செல்லும் என்ற தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.

தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. குளம், ஏரிக் குத்தகைகள் பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஓடுகின்றன. நம் ஆட்களோ தை பிறந்தால் புது ஆண்டு, இல்லாவிட்டால் ஏப்ரலில் புது ஆண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆடியில் தண்ணீர் வரும்போது பரிசலை இறக்கினால், போன மாதமே உங்கள் அனுமதி முடிந்திருக்கும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்து, அலுவலக முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். "வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பது ஒப்புகை ஆகாது. சீட்டுத் தர மறுத்தால், அதே விண்ணப்பத்தைச் சேர்ப்பு ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. தபால் அலுவலகத்தின் ரசீதை யாரும் மறுக்க முடியாது.

பெயர்ப் பிழை சிறு விஷயம்போலத் தோன்றும், ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழுவது அதில்தான். ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து ஒன்று, குடும்ப அட்டையில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் பெயரே வேறு மாதிரி என்றிருந்தால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று சொல்லவும் மாட்டார்கள். நிலுவை என்ற பெயரில் அது மேசையிலேயே கிடக்கும். உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்பா பெயரில் இருந்த உரிமத்தை மகன் பயன்படுத்துவதும் இதோடு சேர்ந்த ஆபத்து. உரிமம் சொத்து அல்ல. உரிமம் பெற்றவர் இறந்தால் அது தானாக வாரிசுக்கு வந்துவிடாது. சங்க உறுப்பினர் பெயரையும் தனியாக மாற்ற வேண்டும். புதிதாக உறுப்பினர் சேர்ப்பதில்லை என்று சங்கத்தில் சொன்னால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்று வந்தால் பல மறுப்புகள் அங்கேயே தளர்ந்துவிடுகின்றன.

அணையோ குளமோ தனியாருக்குக் குத்தகைக்குப் போகும்போது மீனவரின் நிலை இன்னும் மோசமாகிறது. புதிய குத்தகைதாரர் வந்து, பழைய ஆட்கள் யாரும் இறங்கக் கூடாது என்றோ, பிடித்ததையெல்லாம் நான் சொல்லும் விலைக்கு என்னிடமே போட வேண்டும் என்றோ சொல்வார். அவர் அப்படிச் சொல்ல முடியுமா என்பது குத்தகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது, அவர் வாயில் இல்லை. அந்த ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி நீங்கள் கேட்கலாம். தனியார் தர வேண்டியதில்லை. ஆனால் குத்தகை கொடுத்த அரசு அலுவலகத்தில் அது இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். உள்ளூர் மீனவருக்கு எத்தனை உரிமம், கிலோவுக்கு எவ்வளவு பிடிகூலி (மீன் பிடித்துக் கொடுப்பதற்கான கூலி), எந்த வலைக்கண்ணுக்குத் தடை, எந்த மாதங்களில் பிடிக்கக் கூடாது என்ற நான்கையும் பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

பிடிகூலி முறையில் எடைச்சீட்டு இல்லாமல் மீனைத் தராசில் வைக்காதீர்கள். ஈரக் கழிவு என்று இவ்வளவு, பெட்டி எடை என்று இவ்வளவு எனக் கழித்துக்கொண்டே போவதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தேதி, இனம், எடை, தொகை ஆகியவை உள்ள சீட்டு ஒவ்வொரு நாளும் உங்களிடம் இருந்தால்தான் பிற்பாடு கேட்க வாய் இருக்கும். வலைக்கு வியாபாரி தரும் முன்பணமும் இதே வகைதான். அதை வாங்கியவர் பிறகு விலை பேச முடிவதில்லை. மீனவர்களுக்கு உழவர் கடன் அட்டை 2018-19 முதல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உரிய காலத்தில் திருப்பினால் வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடுதான். வங்கி மேலாளர் நிலப் பட்டா கேட்டால், நீங்கள் விவசாயியாக இல்லாமல் மீனவராக விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதிக் கொடுங்கள்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பவானிசாகரை ஒட்டிச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும், ஆழியாறு, அமராவதி அணைகளை ஒட்டி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் இருக்கின்றன. மீன்பிடி உரிமம் நீருக்குத்தான். காட்டுக்குள் நுழைந்து கரையில் தங்க அது அனுமதி ஆகாது. ஆனால் பழங்குடியினருக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, நீர்நிலைகளின் மீன் முதலிய பொருட்களின் மீதான சமூக உரிமையைக் காடுவாழ் மக்களுக்கு அங்கீகரிக்கிறது. கோரிக்கையைக் கிராம சபையில் வைக்க வேண்டும். நேராக வனச்சரகரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கோட்ட அளவிலான குழு மறுத்தால் 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்பதால் அவர்களுக்கு இந்த வழி கடினம்.

கடைசியாக, எழுத மனம் வராத ஒன்று. பரிசல் கவிழ்ந்து ஒருவர் இறந்தால், மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். பிரீமியத்தை மீனவர் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விபத்துக்கு முன்பே அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை இந்த மாதமே மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உடலைக் கரையேற்றியதும் துக்கத்தில் நேராக வீட்டுக்கு எடுத்துப் போய் எரித்துவிடுகிறார்கள். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் எந்தக் காப்பீடும் கிடைக்காது. அறுக்க வேண்டாம் என்று குடும்பத்தார் அழும்போது, பக்கத்தில் நிற்கும் பரிசல்காரர்கள்தான் பொறுமையாக எடுத்துச் சொல்லிக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.